வஸந்த விடுமுறையும் புது ஜோடும்

சித்திரை, வைகாசி இரண்டையும் வஸந்த ருது என்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். வேம்பு பூத்துச் சொரிகிறது. புங்கமரம் புதுத் தளிர் விட்டு நிழல் விரிக்கிறது. கொன்றை சரம் சரமாய்ப் பொன் தொங்கவிடுகிறது. ஆனால், நம் இல்லங்களில் வஸந்தம் வந்துவிட்டதென்பதற்கு வேறோர் அடையாளமும் உண்டு. பரீட்சை முடிந்து, புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, "இனி என்ன செய்வது?" என்று நாளுக்குப் பத்து முறை கேட்கும் குழந்தைகள்தாம் அந்த அடையாளம்!

கேள்வி குழந்தைகளுடையது, கவலையோ பெற்றோருடையது. சிலர் காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு என்று பணத்தைக் கட்டிக் குழந்தைகளை ஓட ஓட விரட்டுகின்றனர். வேறு சிலர் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியடைகின்றனர். கல்வி என்பது வீட்டுக்கு வெளியேதான் கிடைக்கும் என்னும் எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை. அந்த எண்ணம் சரிதானா என்று சற்றே ஆராய்வோம்.

முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு குச்சியை நேராக நிறுத்தி, நாள்தோறும் நண்பகலில் அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வரும். சென்னையில் ஏப்ரல் 24-ஆம் தேதியை ஒட்டி, பகல் 12 மணி 7 நிமிஷத்துக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்பான். குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். மதுரையில் இது ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவும், கன்னியாகுமரியில் இரண்டு வாரம் முன்னதாகவும் நிகழும். காரணம் என்னவென்று குழந்தை கேட்குமானால், பூகோள பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

நிழலைக் காண வெறுங்காலோடு ஓடும் குழந்தையைத் தளம் சுடுகிறது. "செருப்பைப் போட்டுக்கொண்டு போடா, கண்ணு!" என்று உள்ளிருந்து பாட்டியின் குரல் எழுகிறது. தேடினால், பழைய செருப்பில் கால் நுழையவில்லை. சென்ற வருஷத்துப் பள்ளி ஜோட்டின் கதையும் அதுவே. இங்கேதான் நமது அடுத்த பாடம்.

மே மாதக் கடைசி வாரத்தில் ஜோட்டுக் கடைகளில் நிற்க இடம் இராது. "வளர்கிற பிள்ளை, ஒரு நம்பர் பெரிதாகவே கொடுங்கள். அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்னும் குரலை அங்கே கேட்காதவர் இல்லை. குடும்பம் நடத்துவோரின் சிக்கனத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், பெரிய ஜோட்டில் பாதம் முன்னும் பின்னும் வழுக்குகிறது. குதிகால் உரசிக் கொப்புளம் காண்கிறது. சிறிய ஜோட்டிலோ விரல்கள் நெருக்குண்டு மடங்குகின்றன. குழந்தையின் பாதத்தில் எலும்பு இன்னும் முற்றவில்லை. ஆதலால் நெருக்கத்துக்குச் சுலபமாக இணங்கிவிடும். வலிக்கிறதென்று எல்லாக் குழந்தைகளும் சொல்வதுமில்லை.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளந்துவிடலாம். நாள் முழுதும் நடந்த பாதம் மாலையில் சற்றே வீங்கியிருக்குமாதலால் மாலை வேளையே ஏற்றது. காகிதத்தின்மேல் குழந்தையை நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுங்கள். இரண்டு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்; பெரியதற்கே ஜோடு வாங்க வேண்டும். நீண்ட விரலின் நுனிக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். தாத்தாவின் பாதத்தையும் தங்கையின் பாதத்தையும் அக்காகிதத்திலேயே வரைந்து, தேதி குறித்து வைத்தால், அடுத்த சித்திரையில் ஒப்பிட்டுப் பார்க்கும் இன்பமும் சேரும்.

கடையில் சொல்லும் நம்பரிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். 13 வரை எண்ணியபின் மறுபடியும் 1 என்று தொடங்குவார்கள். 13-ஆம் நம்பர் அணியும் தம்பியின் பாதத்தைவிட 2-ஆம் நம்பர் அணியும் அண்ணன் பாதம் பெரிதாயிருப்பது எப்படி என்னும் புதிரைக் குழந்தைகளிடம் போட்டுப் பாருங்கள்!

இந்த அளவு நம் பாதங்களைக் கண்டு வகுத்ததன்று. சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021, 2022-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தனர். மேனாட்டார் பாதத்தைவிட நம்மவர் பாதம் அகலமானது என்று கண்டனர். ஆகவே, நீளத்தோடு அகலத்தையும் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

நம் நாட்டு வைத்தியர் இருவர் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்ட முடிவும் கவனிக்கத் தக்கது. ஜோடு அணியும் குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கே இருந்தது. விரல்களை மூடும் ஜோடு அணிந்தோரிடம் அது அதிகம். எனவே, பள்ளிக்கு ஜோடு வேண்டுமாயினும், வீட்டினுள்ளும் சுத்தமான மணலிலும் கால்கள் சுதந்திரமாக இருக்கட்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான பாடம். இந்த ஜோட்டைச் செய்தவர் யார்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் பதனிட்டும் தைத்தும் பிழைப்போர் பல்லாயிரவர். தைக்கும் கைகளில் பெண்களின் கைகள் மிகுதி. ஆனால், தோலைத் தொட்டவர்களைத் தொடலாகாதென்று ஒதுக்கிய சமூகம் நம்முடையது. செருப்பணிந்து சில தெருக்களில் நடக்கவும் சிலருக்கு உரிமை மறுத்தது. பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில்தான் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் சுமார் 60 பேர் தங்கள் ஊர்த் தெருவொன்றில் முதன்முறையாகச் செருப்புக் காலோடு நடந்தனர்.

காந்தியடிகள் 1910-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, அங்கிருந்த தமிழ்க் குழந்தைகளுக்கு ஏட்டுப் படிப்போடு கைத்தொழிலும் கற்பித்தார். செருப்புத் தைப்பதும் அவற்றில் ஒன்று. தோழர் காலன்பாக்கிடம் அத்தொழிலைத் தாமும் கற்றுக்கொண்டார். தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, 1914-இல் அந்நாட்டை விட்டுப் புறப்படுகையில், தம் கையால் செய்த செருப்பையே பரிசாக அளித்தார்.

நம் குழந்தைகள் செருப்புத் தைக்கக் கற்காவிட்டாலும், தம் ஜோட்டைத் தாமே துடைத்துப் பாலிஷ் போடக் கற்கலாம். அறுந்த வாரைத் தைக்க அழைத்துச் செல்லும்போது, தெருமுனையில் அமர்ந்திருப்பவர் ஊசியும் நூலும் கொண்டு செய்யும் நுட்பத்தை நின்று பார்க்கலாம், "ஐயா, இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று மரியாதையோடு கேட்கலாம். அவரும் மகிழ்ந்து சொல்லிக் கொடுப்பார். இந்த வஸந்தத்தில் இவ்வளவு கற்றுக்கொண்டு, ஜூன் மாதத்தில் புது ஜோடு அணிந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தையைக் குறித்து, விடுமுறை வீணாயிற்றென்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை.