பசுமை ஹைட்ரஜன்: திருப்பதி ஆய்வுக்கூடங்களுக்கு எட்டுமா தில்லியின் நிதி?

புது தில்லி: தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த தொகை ரூ. 19,744 கோடி. அதில் உற்பத்திக்கான ஊக்கத்தொகை ரூ. 17,490 கோடி. ஆராய்ச்சிக்கு ரூ. 400 கோடி. அதாவது, நூற்றுக்கு இரண்டு ரூபாய்.

இந்த விகிதம் கட்சி வேறுபாடின்றி கேள்விக்கு உள்ளாக வேண்டிய ஒன்று. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் நவீன கருவிகளில் ஒரு வகைக்கும், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்துக்கும் பிளாட்டினம் தேவை. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. கச்சா எண்ணெயை விட்டுப் பிளாட்டினத்துக்குக் கையேந்தவா இத்தனை முயற்சி? ஒரு கிராம் செய்யும் வேலையை அதில் சிறு பங்கைக் கொண்டு முடிக்கும் வித்தை ஆய்வுக்கூடத்தில்தான் பிறக்கும். அதன் சூட்சுமம், உலோகத் துகளுக்குள் அணுக்கள் படும் நெருக்கடியில் இருக்கிறது.

ஏழரை டிகிரி: கட்டித் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் ஒவ்வோர் அணுவையும் 12 அணுக்கள் சூழ்ந்திருக்கும். நானோ அளவுக்குத் துகள் சிறுத்துவிட்டால் இந்தக் கணக்கு மாறுகிறது. 55 அணுக்கள் கொண்ட துகளில் 42 அணுக்கள் மேற்பரப்பில் நிற்கும். வெளிப்புறம் அண்டை அணுக்கள் இல்லாததால் அவை உள்நோக்கி இழுக்கப்படும்.

தங்கத் துகள்கள் பல, ஐந்து நான்முகிகளை ஓர் அச்சைச் சுற்றி ஒட்டியது போன்ற வடிவம் எடுப்பதை ஜப்பானிய விஞ்ஞானி இனோ 1966-ல் விளக்கினார். ஒவ்வொரு நான்முகியின் கோணமும் 70.53 டிகிரி. ஐந்தும் சேர்ந்தால் 352.65 டிகிரிதான், வட்டம் நிறைய 7.35 டிகிரி குறைகிறது. (ஏறத்தாழ ஏழரை என்றதும் சனி பகவான் நினைவுக்கு வந்தால் வாசகர்களைக் குறை சொல்ல முடியாது.) இந்த இடைவெளியைத் துகள் திறந்து வைப்பதில்லை, அணுப் பிணைப்புகளை வளைத்தும் நீட்டியும் அடைத்துக் கொள்கிறது. அணு அடுக்கு இவ்வாறு தன் இயல்பான அளவிலிருந்து விலகுவதையே இயற்பியலார் திரிபு என்பர். துகள் முழுவதும் அது ஒரே சீராகப் பரவவில்லை என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2008-ல் மின்னணு நுண்ணோக்கியால் அளந்து காட்டினர்.

இந்தத் திரிபைப் பயன்படுத்திக் கொள்ளவும் முடியும். தாமிரம் மிகுந்த கருவின் மேல் பிளாட்டினத்தை மெல்லிய ஓடாகப் போர்த்தினால், ஓட்டின் அணுக்கள் நெருங்கி நிற்கின்றன. ஆக்ஸிஜனை இறுகப் பிடிக்காமல் விடுவிப்பதால் வினை விரைகிறது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்டிராசர் குழுவினர் 2010-ல் இதை வெளியிட்டனர். 2014-ல் வந்த டொயோட்டாவின் 'மிராய்' காரில் பிளாட்டினம்-கோபால்ட் கலவை இடம்பெற்றது.

ஏர்ப்பேட்டின் வாய்ப்பு: இங்கு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. 2014-ஆம் ஆண்டின் ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தில் அளித்த வாக்குறுதிப்படி, ஐஐடியும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் 2015-ல் திருப்பதியில் தொடங்கப்பட்டன. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஏர்ப்பேடு வட்டாரம், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். எரிபொருள் கல ஆய்வில் தேர்ந்தவரும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான விஜயமோகனன் பிள்ளை, பின்னர் திருப்பதி நிறுவனத்தில் பணியாற்றச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. கேட்டும் கிடைக்காத ஊர்தான். என்றாலும் தமிழக மாணவர்களுக்குத் தொலைவில் இல்லை.

சித்தூருக்கு உலோகம் புதிதன்று. குப்பம் பகுதியின் சிகர்குண்டா தங்கச் சுரங்கம், கோலார் சுரங்கங்களை நடத்திய பொதுத்துறை நிறுவனம் 2001-ல் மூடப்பட்டபோது ஓய்ந்தது. தோண்டும் காலம் போய், அணுவை எண்ணும் காலம் வந்திருக்கிறது.

ஆனால், அணுக்களை அவை நிற்கும் இடத்திலேயே படமெடுக்கும் நுண்ணோக்கி ஒன்றின் விலை பல கோடி ரூபாய். ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு நாடு செலவிட்டதோ 2020-21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு ஆண்டு 2030. முனைவர் பட்ட ஆய்வு ஒன்று முடியவே ஐந்தாண்டுகள் ஆகின்றன.