பனி போடும் ஷிப்ட் கணக்கு

திரைக்குள் ஓர் ஊர் – 9

1883 செப்டம்பரில் சில நாட்கள் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவில் வெடித்துச் சிதறிய கிரகட்டோவா எரிமலையின் புகையும் தூசும் வானத்தில் பரவியதால் வந்த வினை அது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்தை நிறுவியவரும் அவரே.

கொஞ்ச நாளில் சூரியன் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. திரும்பாமல், நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போயிருந்தால்? 'ஃப்ராஸ்ட்பங்க்' வீடியோ கேமின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சென்ற வாரம் பார்த்த 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டைத் தந்த அதே போலந்து நிறுவனம், வார்சாவின் லெவன் பிட் ஸ்டூடியோஸ், 2018 ஏப்ரல் 24 அன்று இதை வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 1886. கிரகட்டோவாவும் தம்போரா என்ற இன்னொரு எரிமலையும் வெடித்து, சூரியனும் ஒளி குன்றி, உலகமே உறைந்துவிட்டது. லண்டனைக் கைவிட்டு வடக்கே தப்பி வந்தவர்களில் 80 பேர் ஒரு பள்ளத்தின் நடுவே நிற்கும் பிரம்மாண்டமான நிலக்கரி உலையை வந்தடைகிறார்கள். அவர்களில் 15 பேர் குழந்தைகள். இந்தக் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைவர்.

முதல் நாள் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி. திரையின் உச்சியில் ஒரு வெப்பமானி இருக்கிறது. வரப்போகும் நாட்களில் இன்னும் எத்தனை டிகிரி இறங்கும் என்பதையும் அதுவே காட்டிவிடும். மார்கழிப் பனிக்கே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் வல்லக்கோட்டைக்காரருக்கு இந்தக் குளிர் கற்பனைக்கும் எட்டாது. ஆனால் அந்தக் குளிரைச் சமாளிக்க விளையாட்டு நீட்டும் வழிகளைப் பார்த்தால், ஒரகடம் சிப்காட்டில் வேலை பார்க்கும் எவருக்கும் சட்டென்று விளங்கிவிடும். எல்லாமே ஷிப்ட், கேன்டீன், ஹாஸ்டல் சமாசாரம்.

ஷிப்டையே எடுத்துக்கொள்வோம். ஃப்ராஸ்ட்பங்க் நகரத்தில் வேலை நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை, பத்து மணி நேரம். உலை இரவிலும் எரிய வேண்டும், நிலக்கரி குறைகிறது. அப்போது சட்டப் புத்தகம் திறக்கிறது. 'அவசர ஷிப்ட்' சட்டத்தில் கையெழுத்திட்டால் எந்தப் பணியிடத்தையும் ஒரே அழுத்தில் 24 மணி நேரம் ஓட வைக்கலாம். நிலக்கரி குவியும், கூடவே திரையின் அடியில் இருக்கும் 'அதிருப்தி' அளவும் ஏறும். அதே ஆட்களை அடிக்கடி அப்படி வாட்டினால், யாரோ ஒருவர் வேலையிலேயே செத்து விழுந்தார் என்று செய்தி வரும். அடுத்த பக்கத்தில் 14 மணி நேர ஷிப்ட் காத்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் குழந்தைகளை வேலைக்கு அனுப்புவதா, காப்பகத்தில் வைப்பதா என்ற கேள்வி. 'நம்பிக்கை' என்ற இன்னோர் அளவு அடியோடு போனாலும் அதிருப்தி எல்லை தாண்டினாலும் மக்கள் உங்களை நகரத்தைவிட்டே துரத்திவிடுவார்கள்.

இதில் ஒரு கொக்கி உண்டு. கையெழுத்திட்ட சட்டத்தை வாபஸ் வாங்க முடியாது.

நம்மூரில் அப்படி வாபஸ் வாங்க முடிந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. அதிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளித்து, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழ, மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதன்முதலாக மே தினம் கொண்டாடி அன்றோடு நூறு ஆண்டு.

ஷிப்டுக்கு அடுத்தது சோறு. பத்துப் பங்கு உணவுப் பொருளைச் சமையல்கூடத்துக்கு அனுப்பினால் 20 பேர் சாப்பிடலாம். சூப் சட்டம் போட்டால் 25 பேருக்கு வரும், முணுமுணுப்பும் வரும். மரத்தூள் கலக்கும் சட்டம் போட்டால் 30 பேர், சிலருக்கு நோய். ஒரு வட்டில் சூப்புக்கு நகரமே கொந்தளிப்பது மிகை என்று தோன்றினால் 2021 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். சுங்குவார்சத்திரம் ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

கூடாரத்தில் படுக்க வைத்தால் காய்ச்சல், கொட்டகை கட்டினால் உற்பத்திக்கு மரம் போதாது என்ற இழுபறியும் ஃப்ராஸ்ட்பங்கில் ஓயாமல் நடக்கும். தொழிலாளர்களை எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி இங்கேயும் உண்டு. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது.

சங்கம் என்ற ஒன்று முதல் ஃப்ராஸ்ட்பங்கில் கிடையாது. மக்களின் மனசு இரண்டு அளவுகோல்களாக மட்டுமே தெரியும். அந்தக் குறையை 2020 ஜனவரியில் வந்த 'தி லாஸ்ட் ஆட்டம்' என்ற கூடுதல் பகுதி ஓரளவு தீர்த்தது. பனி இறங்குவதற்கு முன்பு அப்படியோர் உலையைக் கட்டியவர்களின் கதை அது. பணியிடப் பாதுகாப்பு குறைந்தால் ஆட்கள் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசித்தான் வேலையை மீண்டும் தொடங்க முடியும். பேசும் நேரத்திலும் பனிக்காலம் நெருங்கிக்கொண்டே இருக்கும்.

'ஃப்ராஸ்ட்பங்க் 2' வெளிவந்தது 2024 செப்டம்பர் 20 அன்று. ஃபிரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் செய்யும் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அப்போது இரண்டாவது வாரத்தில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற அந்தப் போராட்டம் அக்டோபர் 15 அன்று முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

இரண்டாம் ஆட்டம் முப்பது ஆண்டு தள்ளித் தொடங்குகிறது. பழைய தலைவர் இறந்துவிட்டார். இப்போது எந்தச் சட்டமும் நூறு பேர் கொண்ட மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். பெரும்பாலான சட்டங்களுக்கு 51 ஓட்டு போதும். ஓட்டு குறைந்தால் ஏதாவதொரு அணியைக் கூப்பிட்டு, அடுத்த முறை உங்கள் மசோதாவைக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தேற்றலாம். வாக்குத் தவறினால் அந்த அணி தெருவில் இறங்கும். முதல் ஆட்டத்தில் இல்லாத இன்னொரு வசதியும் உண்டு: பிடிக்காத சட்டத்தை அதே மன்றத்தில் ஓட்டெடுத்து நீக்கிவிடலாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: உலையும் இல்லை, ஊரும் இல்லை. கனடாவின் பனிக்காட்டில் ஒற்றை ஆளாக அலைய வைக்கும் 'தி லாங் டார்க்'.