பெயர் எழுதப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள்

அமெரிக்காவில் தங்கள் வம்சாவளியைத் தேடுவோர் ஏராளம். அயர்லாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கப்பலேறி வந்த வெள்ளையரின் வாரிசுகளுக்குக் கப்பல் பட்டியல், கோயில் பதிவேடு, உயில் என்று பல சான்றுகள் கிடைக்கின்றன. கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதை 1870-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. வம்சாவளி ஆய்வாளர்கள் இதை '1870 சுவர்' என்றே அழைக்கிறார்கள்.

இந்தச் சுவர் தானாக எழும்பவில்லை. 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் எசமானின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே, 'ஆண், வயது 30, கறுப்பு', 'பெண், வயது 12, கறுப்பு' என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அடிமையின் பெயரை எழுதவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அம்மக்கள் அனைவரும் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள்.

அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் எசமானின் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டும். விற்பனைப் பத்திரம், சொத்துப் பட்டியல், கடன் அடமானம் ஆகியவற்றில் மாடு, கலப்பை, பீப்பாய்களோடு மனிதர்களின் பெயரும் விலையும் இருக்கும். பாட்டியின் பெயரைக் கண்ட மகிழ்ச்சியும், அவருக்குப் போட்ட விலையைக் கண்ட வேதனையும் ஒரே வரியில் வந்து சேரும்.

மேரிலாண்ட் மாநிலத்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். அங்கு இயேசு சபைக் குருமார்கள் அடிமைகளை வைத்துத் தோட்டங்கள் நடத்திவந்தனர். அவர்கள் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரி கடனில் மூழ்கியது. 1838-ல் 272 ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் 1,15,000 டாலருக்கு லூசியானா தோட்ட முதலாளிகளிடம் விற்க ஒப்பந்தம் போட்டனர். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்று ரோமிலிருந்து நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. அது முழுமையாகக் காக்கப்படவில்லை.

விற்றவர்கள் கணக்கில் கறாராக இருந்தார்கள். அந்த 272 பேரின் பெயரும் வயதும் பட்டியலில் உள்ளன. விற்கப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் லூசியானாவிலும் பலருடைய ஞானஸ்நானமும் திருமணமும் கோயில் பதிவேடுகளில் ஏறின. 2015-க்குப் பிறகு ஆய்வாளர்கள் இந்த ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். விற்கப்பட்டபோது 13 வயதுச் சிறுவனாக இருந்த கார்னீலியஸ் ஹாக்கின்ஸ் என்பவரின் வழி வந்தவர்கள் லூசியானாவில் கண்டறியப்பட்டார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கான வாரிசுகள் தெரியவந்தனர்.

பெயர் கிடைத்ததும் நியாயம் கேட்கும் வழியும் திறந்தது. வாரிசுகளுக்கு மாணவர் சேர்க்கையில் முன்னுரிமை என்று 2016-ல் பல்கலைக்கழகம் அறிவித்தது. 2017-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. விற்பனையை நடத்திய குருவின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு, அந்தப் பட்டியலின் முதல் பெயருக்குரிய ஐசக் ஹாக்கின்ஸ் பெயர் சூட்டப்பட்டது. 2019-ல் மாணவர்களே வாக்கெடுப்பு நடத்தி, 272 பேரின் நினைவாகப் பருவத்துக்கு 27.20 டாலர் கட்டணம் தரத் தயார் என்று மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முடிவு செய்தனர். நிர்வாகம் அதைக் கட்டணமாக வசூலிக்காமல் நன்கொடை நிதியாக மாற்றியது. இதெல்லாம் போதுமா என்று வாரிசுகள் இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் யார் என்பதற்கு இப்போது ஆதாரம் இருக்கிறது. அதுதான் இந்தத் தேடலின் பயன்.

எல்லோருக்கும் இப்படிப் பட்டியல் கிடைப்பதில்லை. போர் முடிந்ததும் விற்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். அவை தேவாலயங்களில் உரக்க வாசிக்கப்பட்டன. அந்த விளம்பரங்களும் இன்று வம்சாவளிச் சான்றுகளாகியுள்ளன. இப்போது மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. முன்னோர் ஆப்பிரிக்காவின் எப்பகுதியினர் என்பதை அது ஓரளவு சொல்லும். அவர்களின் பெயரை அதனால் சொல்ல முடியாது.

இந்த மக்களின் போராட்டத்தை நம் முன்னோடிகள் அந்நியமாகப் பார்க்கவில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார்.

நமக்கும் பாட்டன் பெயர் வெறும் நினைவாக மட்டும் இருப்பதில்லை. 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கப் போகும் குடும்பம், நிலம் யார் பெயரில் இருந்தது, அவருக்கு நாம் என்ன முறை என்று காட்ட வேண்டியிருக்கிறது. மூன்று தலைமுறைக்கு மேல் சொல்லத் தெரியாத வீடுகள் நம் தெருக்களில் நிறைய உண்டு. பள்ளிக்கூடப் பதிவேடும் கோயில் ஞானஸ்நானப் பதிவேடும் தாலுகா அலுவலக நிலப் பதிவேடும் நம் வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழியும்தான் நமக்குள்ள சான்றுகள். முதல் மூன்றும் அலமாரியில் காத்திருக்கும், நான்காவது காத்திருக்காது. படிக்கும் பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருடைய பெயர், அவர் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த நிலம் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். எசமான்கள் எழுதாமல் விட்ட பெயர்களை இனி நாம்தான் எழுத வேண்டும்.