முதல் குழந்தையைத் தள்ளிப்போடுவது எப்படி?

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆவதற்குள் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெண்ணுக்கு வயது 18ஆ, 28ஆ என்று பார்த்துக் கேட்பவர்கள் குறைவு. பதின்வயதுக் கர்ப்பம் என்றதும் பள்ளிக்கூடக் காதல்தான் பலருக்கும் நினைவு வருகிறது. ஆனால் நம் நாட்டில் அதில் பெரும்பகுதி கல்யாணமான பெண்களுக்கே நேர்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 7 பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். ரத்தசோகை, ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் இந்த வயதில் கூடுதல்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைச் செய்துகொண்டவர்கள். நிறுத்தத் தெரிந்த நமக்குத் தள்ளிப்போடத் தெரியவில்லை. அதற்கான வழிகள் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாக இருக்கின்றன.

ஆணுறை எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே சொல்லும் வழிகளில் பால்வினை நோய்களையும் எச்.ஐ.வி.யையும் தடுப்பது இது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் போட்டாக வேண்டும். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் வலுவிழந்து கிழியும். பலருக்கு இது தெரியாது.

'மாலா-என்' தினமும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரை. அட்டையில் உள்ள 28இல் 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. ரத்தக்கொதிப்போ கடுமையான ஒற்றைத் தலைவலியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. 'சாயா' ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. தினசரி மாத்திரையை மறந்துவிடுகிறவர்களுக்கு இது தோது.

'அந்தரா' 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. வீட்டில் அட்டை எதையும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை என்பதே சிலருக்குப் பெரிய நிம்மதி. மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும்போகலாம், பயப்பட வேண்டாம். ஊசியை நிறுத்தியபின் கரு தரிக்கச் சில மாதங்கள் ஆகும். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்கள் வேறு வழி பார்ப்பது நல்லது.

கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று நர்ஸ்களே சொல்லிக் கேட்கலாம். அது சரியல்ல, முதல் குழந்தைக்கு முன்னும் போட்டுக்கொள்ளலாம். 5 வருடம், 10 வருடம் என இரு வகை உண்டு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும். ஆரம்பத்தில் ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் சற்றுக் கூடும். இதைப் போட்ட நூறு பெண்களில் ஒரு வருடத்தில் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது. ஆணுறையை மட்டும் நம்பினால், நடைமுறையில் 13 பேர் வரை கருத்தரிக்கிறார்கள்.

ஆணுறை கிழிந்தாலோ, ஒன்றும் பயன்படுத்தாமல் போனாலோ அவசர மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது கருவைக் கலைப்பதில்லை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் இதை விற்பதில்லை என்பது விசித்திரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் 18 முடிந்தவர்களுக்கு. அதற்குக் கீழே என்றால் கல்யாணமே குற்றம். பெண் சம்மதித்தாலும், தாலி கட்டியிருந்தாலும், உறவு போக்சோ சட்டத்தின்கீழ் வரும். சிறுமி கருவுற்றால், வழக்குக்குப் பயந்து, கருவைக் கலைக்க வீட்டிலேயே நாட்டுமருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் உயிருக்கு ஆபத்து. சிறுமிகளுக்கு 24 வாரம் வரை, காப்பாளர் சம்மதத்துடன், கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கிறது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்தால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ஊரில் சிறுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.