கூரையில் வெயில், உள்ளே இரண்டாவது பெட்டரி

வத்தேகமவிலிருந்து மடவள, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்பும் ஒரு வான், பகல் முழுவதும் வெளியில் நின்றாலும் அதன் எஞ்சின் ஓடுவது ஒன்றிரண்டு மணி நேரந்தான். பன்வில பக்கம் ஏறி இறங்கும் சூன் பாண் ஓட்டோ வீட்டுக்கு வீடு நிற்கிறது. எஞ்சினை அணைத்தாலும் பீத்தோவனின் மெட்டு நிற்கக்கூடாது. நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் இரவு தங்கப் போகிறவர்கள் விளக்கு, மின்விசிறி, சிறிய குளிர்பெட்டி எல்லாம் வேண்டுமென்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் பதில், "இன்னொரு பெட்டரி போடுங்கள்" என்பது. அது பாதிப் பதில். நம் மலைப் பாதைகளின் குறுகிய ஓட்டத்துக்கு இரண்டாவது பெட்டரியைத் தனியாகப் போட்டால் அது அற்பாயுளில் போகும். கூரையில் ஒரு சோலார் பெனலும் சேர்ந்தால்தான் அது உழைக்கும்.

முதலில், இருக்கும் பெட்டரியே போதாதா என்று பார்ப்போம். வாகனத்தோடு வரும் பெட்டரி ஒரேயொரு வேலைக்காகச் செய்யப்பட்டது: ஸ்டார்ட் செய்யும் சில விநாடிகளில் நூறு, இருநூறு அம்பியரை ஒரே மூச்சில் கொடுப்பது. இருநூறு அம்பியரை மூன்று விநாடி இழுத்தாலும் செலவாவது ஓர் அம்பியர்-மணியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வேகத்துக்காகவே அதன் ஈயத் தகடுகள் மெல்லியனவாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கின்றன. அதே பெட்டரியை இரவெல்லாம் குளிர்பெட்டிக்குக் கொடுத்துப் பாதிக்கும் கீழே இறக்கினால், சில பத்துத் தடவைகளிலேயே தகடுகள் சிதைந்துவிடும். பெரிய பெட்டரி ஒன்றாகவே வாங்கிவிடலாமே என்றால், அளவு கூடுமே தவிர தகட்டின் குணம் மாறாது. காலையில் ஸ்டார்ட் ஆகாத வாகனத்தோடு மலையில் நிற்கும் ஆபத்தும் அப்படியே இருக்கும். ஆகவே தடித்த தகடுகள் கொண்ட, ஆழமாக இறக்கி ஏற்றக்கூடிய 'டீப் சைக்கிள்' பெட்டரி தனியாக வேண்டும்.

அதை ஏற்றுவதில்தான் சிக்கலே இருக்கிறது. ஈய அமில பெட்டரி ஏறக்குறைய 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும். மீதி 20 சதவீதம் அப்படியல்ல. பெட்டரியின் மின்னழுத்தம் அல்டனேட்டரின் 14 வோல்ட்டை நெருங்க நெருங்க, உள்ளே போகும் மின்னோட்டம் தானாகவே சுருங்கிவிடும். எவ்வளவு பெரிய அல்டனேட்டராக இருந்தாலும் இந்தக் கடைசிப் பகுதிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் வாகனத்துக்கு அந்த நேரம் கிடைக்கிறது; கண்டிக்குப் போய் வருவதற்கு அது கிடைப்பதில்லை. அரைகுறையாகவே நிற்கும் பெட்டரியின் தகடுகளில் ஈய சல்பேற்று கெட்டிப்பட்டு, நாளடைவில் அதன் கொள்ளளவைத் தின்றுவிடும். 100 வாட் பெனல் உச்சி வெயிலில் தருவது ஐந்து அம்பியர் அளவுதான். ஆனால் வாகனம் நிற்கும் நேரமெல்லாம் தரும். மெதுவாக வருவது இங்கே குறையாகாது, பெட்டரி கேட்பதே அதைத்தான். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. வத்தேகம நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை சொச்சம் வடக்கே இருக்கிறது. ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் வரும். ஆகவே கூரையில் படுக்கையாக ஒட்டிய பெனல் ஐரோப்பாவில் இழக்கும் அளவுக்கு இங்கே இழப்பதில்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் பக்கம் மேகத்தைக் குவிக்கும் டிசெம்பர், ஜனவரியில் நல்ல வெயில் நாளின் கால்பங்கு மின்சாரம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் அல்டனேட்டர் இணைப்பைக் கைவிடக்கூடாது. பெரும்பகுதியை அது ஏற்றட்டும், முடித்துவைப்பதைப் பெனல் பார்த்துக்கொள்ளட்டும். சாதாரண அல்டனேட்டரும் ஈய அமில பெட்டரியும் என்றால், இரண்டு பெட்டரிகளுக்கும் இடையே மின்னழுத்தம் பார்த்து இணைக்கும் ரிலே ஒன்று போதும். எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் அளவைத் தாண்டினால் சேர்க்கும், 12.8க்குக் கீழே வந்தால் பிரித்துவிடும். பெனலை மட்டும் நேராகப் பெட்டரியில் மாட்டக்கூடாது. '12 வோல்ட் பெனல்' என்று விற்பதே வெயிலில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இடையில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். நிழலும் கவனிக்கவேண்டியது: பெனலின் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், கெரியரின் ஒரு கம்பி நிழல்கூட விளைச்சலை நன்றாகக் குறைத்துவிடும்.

லித்தியம் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பெட்டரி அரைகுறையாக நின்றாலும் கெடாது. பெனலுக்கான என் முதல் காரணம் அங்கே விழுந்துவிடுகிறது. ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் வருகின்றன. அது மின்னோட்டத்தை அடங்காமல் இழுத்து அல்டனேட்டரைச் சூடாக்கும். ஓய்வில் 13.3 வோல்ட் அளவில் நிற்பதால், மேற்சொன்ன ரிலே எஞ்சின் அணைந்த பிறகும் பிரியாமல் கிடக்கலாம். ஆகவே டீசி-டீசி சார்ஜர் வேண்டும், செலவும் கூடும். வருடத்தில் இரண்டு தடவை மீமுரேக்குப் போய் வருகிறவர் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கையில் தூக்கிப்போகும் மின்பெட்டி ஒன்று வாங்கினால் போதும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் அல்டனேட்டரே கிடையாது. அவற்றின் உயர் மின்னழுத்த வயர்களில் பழக்கமில்லாதவர் கைவைக்கவே கூடாது. 2025 தொடக்கத்தில் ஓட்டோக்களிலும் பஸ்களிலும் அனுமதியில்லாத மேலதிகப் பொருத்துகளைப் பொலிஸார் அகற்றவைத்ததையும் மனதில் கொண்டு, கூரையில் எதையும் பூட்டுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

பொருத்தும் பாஸிடம் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்னாலிருந்து பின்னால் போகும் வயர் எங்காவது உரசித் தோல் கிழிந்தால், இரு பெட்டரிகளும் இரு முனையிலிருந்தும் நூற்றுக்கணக்கான அம்பியரை அதில் கொட்டும். ஃபியூஸ் ஒன்று போதும் என்பார். இரண்டு கேளுங்கள், ஒவ்வொன்றும் அதனதன் பெட்டரியின் நேர்முனைக்குச் சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.