ஓர் ஏக்கர் புல் எத்தனை ஆட்டுக்கு?

சேலத்திலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? சாலையின் இருபுறமும் செம்மண் மேடுகள், பாறைக் கரடுகள், ஆங்காங்கே வெள்வேல மரங்கள். அவற்றினூடே பழுப்பு நிற ஆடுகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும். இவைதாம் மேச்சேரிச் செம்மறியாடுகள். இவற்றின் உடலில் கம்பளி கிடையாது. குட்டையான மயிர்தான் உண்டு. இறைச்சிக்கும் உயர்ந்த தோலுக்கும் பெயர் பெற்ற இனம் இது. இவ்வினத்தை ஆராய்வதற்கென்றே 1978-ஆம் ஆண்டு பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

ஆடு மேய்ப்பவரிடம் போய், “இந்த நிலத்தில் எத்தனை ஆடு மேயலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். நிலத்தை ஒரு முறை நோட்டமிட்டு, “பத்து மேயலாம்” என்பார். அனுபவம் தந்த கணக்கு அது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கண் சில வேளை ஏமாற்றும். ஒரு மழை பெய்ததும் நிலம் முழுவதும் பச்சையாகத் தெரியும். பச்சை எல்லாம் தீனி ஆகிவிடுமா? புல்லை எடை போட்டுப் பார்த்துவிடுவோமே!

சட்டமும் அரிவாளும்

ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டுங்கள். இதுவே உங்கள் அளவுகோல். இதனுள் அடங்கும் பரப்பு ஒரு சதுர மீட்டர். நிலத்தில் இருபது அடி எடுத்து வைத்து, நின்ற இடத்தில் சட்டத்தைப் போடுங்கள். புல் செழித்த இடமாகத் தேடிப் போடக் கூடாது! கட்டாந்தரையில் விழுந்தாலும் அதுவும் கணக்கில் சேரும். சட்டத்துக்குள் இருக்கும் புல்லை அரிவாளால் அறுத்துப் பையில் இடுங்கள். இப்படிப் பத்து இடங்களில் செய்யுங்கள்.

அறுத்ததை அப்படியே எடை போட்டால் பயனில்லை. ஏன்? பச்சைப் புல்லின் எடையில் பெரும் பகுதி தண்ணீர்தானே! ஆகவே வெயிலில் காயவைத்து நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை மேலும் குறையாமல் நின்றதும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவே உலர் எடை.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பத்துச் சதுரங்களின் உலர் புல் 1 கிலோ என்றால், சதுர மீட்டருக்கு 100 கிராம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்கு 400 கிலோ உலர் புல்.

ஓர் ஆடு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு உலர் தீனி தின்னும். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு அது 750 கிராம். அப்படியானால் 400 கிலோவையும் 750 கிராமால் வகுத்துவிடலாம் என்கிறீர்களா? பொறுங்கள்!

வேரின் பங்கு

புல்லின் இலைதான் சூரிய ஒளியில் உணவு சமைத்து வேருக்கு அனுப்புகிறது. இலை போனால் வேர் பட்டினி. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவர் இதைச் சோதித்து 1955-இல் முடிவுகளை வெளியிட்டார். இலையில் நூற்றுக்கு 40 பங்கை வெட்டியபோது வேர் வளர்ச்சி நிற்கவில்லை. 80 பங்கை வெட்டியபோதோ வேர்கள் பன்னிரண்டு நாள் அடியோடு வளராமல் நின்றுவிட்டன! வேர் ஆழமாக இறங்காத புல், அடுத்த கோடையில் கருகிவிடும். அந்த இடத்தில் ஆடு விரும்பாத பூண்டுகளும் சீமைக்கருவேலும் புகுந்துவிடும்.

எனவே “பாதி ஆட்டுக்கு, பாதி மண்ணுக்கு” என்பது பாதுகாப்பான கணக்கு. 400 கிலோவில் ஆட்டின் பங்கு 200 கிலோ. பத்து ஆடுகள் நாளொன்றுக்கு 7½ கிலோ தின்றால், 26 நாளில் அது தீர்ந்துவிடும்.

முள் அடைப்பின் சாட்சி

ஆனால் அந்த நாள்களில் புல்லும் வளருமே! அதை எவ்வாறு அளப்பது? ஒரு சதுர மீட்டர் இடத்தைச் சுற்றி ஆடு நுழையாதபடி முள் அடைத்துவிடுங்கள். 30 நாள் கழித்து அடைப்பின் உள்ளேயும் வெளியேயும் அறுத்து, காயவைத்து நிறுங்கள். இதையும் சில இடங்களில் செய்து சராசரி எடுப்பது நல்லது.

முதலில் 100 கிராம் இருந்தது. இப்போது உள்ளே 140, வெளியே 80 என்று கொள்வோம். வளர்ந்தது 40 கிராம். ஆடு தின்றது 60 கிராம். வரவு 40, செலவு 60! வெளியே இன்னும் பச்சை தெரிவதால், முதல் கரைவது கண்ணுக்குப் புலப்படவில்லை.

சதுர மீட்டருக்கு 40 கிராம் வீதம் கணக்கிட்டால் ஏக்கருக்கு மாத வளர்ச்சி 160 கிலோ. ஏழு ஆடுகளுக்கு அது போதும். பத்தாக இருந்தால் மூன்றை வேறு நிலத்துக்கு ஓட்ட வேண்டும். மேய்ந்த புல்லும் மேயாத புல்லும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆகையால் அடைப்பை மாதந்தோறும் இடம் மாற்றி, மீண்டும் அளக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்ததும் வரவு ஏறத்தாழ நின்றுவிடும். அப்போதுதான் சோளத்தட்டும் கடலைக்கொடியும் வெள்வேலங்காயும் கைகொடுக்கின்றன. கரூர், திருப்பூர்ப் பகுதிகளில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அவற்றில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலையும் வளர்க்கிறார்கள். ஒரு காட்டில் மேயும்போது மற்றொரு காட்டுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். வேருக்கு ஓய்வு தர வேண்டும் என்பதைத் தராசு இல்லாமலே அறிந்தவர்கள் அவர்கள்.

உங்கள் ஊரிலும் மேய்ச்சல் தரை இருக்கும் அல்லவா? உரியவரிடம் கேட்டுக்கொண்டு, மழைக்குப் பின் முள் அடைப்பு ஒன்றைப் போடுங்கள். மாதம் ஒரு முறை உள்ளும் புறமும் நிறுத்து, குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். செலவு வரவைத் தாண்டும் மாதம் எது என்று கண்டுபிடித்தால், ஆடு மேய்ப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கண்ணும் உங்கள் தராசும் ஒத்துப்போகின்றனவா என்று இருவருமாகப் பாருங்கள்!