பல்கலைக்கழகத்தை முன்கூட்டியே கண்டு வருவோம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். பல்கலைக்கழகத்தைப் பற்றி நம் தோட்டப்புறங்களில் நிலவும் செய்திகளுள் பல, பிறர் சொல்லக் கேட்டவையே. நம் மாணவர் பலர், பதிவு நாளன்று பெட்டியும் கையுமாக நிற்கும்பொழுதுதான் பல்கலைக்கழகத்தை முதன்முதலாகக் காண்கின்றனர். அதற்குள் துறை முடிவாகிவிடுகின்றது. அத்துறை தமக்கு ஏற்றதன்று என்று பின்னர் உணர்வோர், ஓராண்டையோ ஈராண்டையோ இழக்க நேரிடுகின்றது. ஆதலின், விண்ணப்பம் செய்யுமுன் ஒருமுறையேனும் நேரில் சென்று கண்டு வருதல் நலம்.

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய இப்பல்கலைக்கழகம், 1962ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் தனித்து இயங்கி வருகின்றது. இதன் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்குத் தமிழ் நிலைபெறுவதற்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டபொழுது, தமிழ் மக்கள் தம் உழைப்பின் பயனிலிருந்து நன்கொடை வழங்கினர். முதல் உலகத் தமிழ் மாநாடும் 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில்தான் நடைபெற்றது. எனவே, 'அது நமக்கு எட்டாத இடம்' என்று வாயிலில் தயங்கி நிற்க வேண்டுவதில்லை.

புறப்படுமுன் நாளைத் தேர்ந்துகொள்ளுதல் முதற்கடமை. வார இறுதியில் அலுவலகங்கள் மூடியிருக்கும். விடுமுறைக் காலத்தில் மாணவர்கள் இருக்கமாட்டார்கள். பாடங்கள் நடைபெறும் காலத்தில் ஒரு வேலை நாளே தக்கது. விரும்பும் புலத்தின் அலுவலகத்திற்கு முன்னதாகவே எழுதியோ தொலைபேசியில் பேசியோ அனுமதி பெற்றுச் செல்லுதல் வேண்டும்.

வேலை நாளில் செல்வதால் பெற்றோருக்கு ஒருநாள் சம்பளம் குறையும் என்பதை நாம் அறிவோம். ஒரே தோட்டத்தைச் சேர்ந்த நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுகூடி, பள்ளி ஆசிரியர் ஒருவரைத் துணைக்கொண்டு, ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தினால் செலவு பகிரப்படும். எல்லாப் பெற்றோரும் வர இயலாவிடினும், ஓரிருவர் சென்று வந்து மற்றவர்க்குச் சொல்லலாம். கோலாலம்பூரை அடைந்தபின் இரயிலில் செல்வோர், கிளானா ஜெயா தடத்திலுள்ள யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் வளாகத்தை அடையலாம்.

கட்டடங்களைக் கண்டு வியப்பதோடு திரும்பிவிடலாகாது. நூலகத்தையும், விரும்பும் புலத்தையும், மாணவர் தங்கும் கல்லூரியையும் பார்த்தல் வேண்டும். பயிலும் மாணவர்களிடம் பேசுதல் அதனினும் பயன் தரும். 'வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு? எப்பாடம் கடினம்? மாதச் செலவு எவ்வளவு?' என வினவலாம். அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை வேறு: இத்துறைக்கு எஸ்.டி.பி.எம். தேர்வில் எப்பாடங்கள் தேவை? மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி ஆகியவற்றுள் எவை ஏற்கப்படும்? மூயட் ஆங்கிலத் தேர்வில் எந்நிலை வேண்டும்? நேர்முகத் தேர்வு உண்டா? எஸ்.பி.எம். எழுதவிருக்கும் மாணவர் இவற்றை முன்பே அறிந்துகொண்டால், தவறான பாடங்களைத் தேர்ந்து பின்னர் வருந்தும் நிலை நேராது.

பணத்தைப் பற்றியும் கூச்சமின்றிக் கேட்டல் வேண்டும். 1997ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பி.டி.பி.டி.என். வழங்குவது கடன், படித்து முடித்தபின் திருப்பிச் செலுத்த வேண்டியது. உபகாரச் சம்பளம் வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டைப் பெற்றோரும் உடனிருந்து கேட்டறிதல் நன்று.

ஒன்றை மறத்தலாகாது. நேரில் சென்று வந்தமையால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம் யு.பி.யு. வழியாகவே செல்லுதல் வேண்டும். எனினும், தாம் விரும்புவது இன்னதென்று அறிந்து விண்ணப்பிப்போர்க்கும், அறியாமல் விண்ணப்பிப்போர்க்கும் வேறுபாடு மிகுதி.

வீடு திரும்பியதும், கேட்டறிந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டில் அதே லயத்தினின்று புறப்படும் தம்பிக்கும் தங்கைக்கும் அது வழிகாட்டியாகும்.